மார்பகப் புற்றுநோய்: கட்டியை மட்டும் எடுப்பதா, மார்பகம் முழுவதையும் எடுப்பதா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் அஸர் தொழுகை முடிந்ததும் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒருவர் தன் தம்பியுடன் நம்மைத் தேடி வந்தார். கையில் ஸ்கேன் ரிப்போர்ட் வைத்த பெரிய கவர். மனைவிக்கு மார்பில் கட்டி. சோதித்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. ஆரம்ப நிலைதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"ரெண்டு விதமா ஆபரேஷன் செய்யலாம்னு டாக்டர் சொல்றார் ஹஜ்ரத். நாங்க முழுசா எடுத்துடலாம்னு முடிவு பண்ணிட்டோம். நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். "உயிரைவிடப் பெரியது எது? எடுத்துவிடுங்கள். அல்லாஹ் லேசாக்குவான்" என்று சொல்லி, துஆ செய்து அனுப்பிவைத்தோம்.

ஓராண்டு கழித்து அந்தச் சகோதரி நம் வீட்டுக்கு வந்திருந்தார். அல்ஹம்துலில்லாஹ், உடல் தேறியிருந்தார். நம் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தபோது கேட்டிருக்கிறார்: "கட்டியை மட்டும் எடுத்தாலும் போதும்னு டாக்டர் அப்பவே சொல்லியிருக்கார். என்கிட்ட யாருமே சொல்லலையே. ஹஜ்ரத்துக்குத் தெரியுமா?"

நமக்குத் தெரியாது. தெரியாமலேயே பதில் சொல்லியிருந்தோம். 'உங்கள் மனைவி என்ன சொல்கிறார்?' என்று அந்தக் கணவரிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அந்தக் குறை இன்றும் மனதில் இருக்கிறது. அதன்பின் இந்த விஷயத்தைப் படித்தோம். புற்றுநோய் டாக்டர்களிடம் கேட்டோம். நம்மிடம் வந்த குடும்பங்கள் சிலவற்றுடன் மருத்துவமனைக்கும் போனோம். நாம் மருத்துவர் அல்ல. ஒவ்வொருவருக்கும் எது பொருந்தும் என்று சொல்ல வேண்டியவர் அவரவருடைய டாக்டர்தான். ஆனால் டாக்டர் முன்னால் உட்காரும்போது ஒரு குடும்பத்துக்குத் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு. அவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

ஆரம்ப நிலை என்றால் என்ன?

இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இன்று முதலிடத்தில் இருப்பது மார்பகப் புற்றுநோய். கட்டியின் அளவு, அக்குளில் இருக்கும் நெறிகளுக்குப் பரவியிருக்கிறதா, உடலின் மற்ற உறுப்புகளுக்குப் போயிருக்கிறதா என்ற மூன்றையும் வைத்து நோயின் நிலையைக் கணிக்கிறார்கள். கட்டி 2 சென்டிமீட்டருக்குள் இருந்து, அக்குளுக்குப் பரவாமல் இருந்தால் பொதுவாக முதல் நிலை. 2 முதல் 5 சென்டிமீட்டர் வரை இருந்தாலோ, சிறிய கட்டியாக இருந்து அக்குள் நெறிகள் சிலவற்றில் மட்டும் நோய் இருந்தாலோ பெரும்பாலும் இரண்டாம் நிலை. இந்த இரண்டையும்தான் ஆரம்ப நிலை என்கிறார்கள்.

நோயை உறுதிசெய்ய, ஊசி வழியாகக் கட்டியிலிருந்து சிறு துணுக்கை எடுத்துச் சோதிக்கிறார்கள். இதுதான் பயாப்சி. "ஊசி குத்தினால் நோய் பரவிவிடும்" என்று பயந்து இதைத் தள்ளிப்போடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அது ஆதாரமில்லாத பயம். ஹார்மோனால் வளரும் வகையா, ஹெர்2 என்ற புரதம் கூடுதலாக உள்ள வகையா என்பதும் இந்தச் சோதனையில்தான் தெரியும். அதை வைத்தே மருந்துகளை முடிவு செய்கிறார்கள். பயாப்சி முடிவு வராமல் நேராக ஆபரேஷனுக்கு அவசரப்படக் கூடாது.

இரண்டு ஆபரேஷன்கள்

முதலாவது, மார்பகத்தைக் காக்கும் அறுவை. லம்பெக்டமி என்று டாக்டர்கள் சொல்வார்கள். கட்டியையும் அதைச் சுற்றி நல்ல சதையில் ஒரு விளிம்பையும் சேர்த்து எடுப்பார்கள். மீதி மார்பகம் அப்படியே இருக்கும். எடுத்த சதையின் ஓரங்களில் புற்றுநோய்ச் செல் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்ப்பார்கள். ஓரத்தில் செல் இருந்தால் இன்னொரு முறை சிறிது எடுக்க வேண்டிவரும். இந்த ஆபரேஷனுக்குப் பின் கதிர்வீச்சு சிகிச்சை, அதாவது நம் மக்கள் 'கரண்ட் வைப்பது' என்று சொல்வது, பெரும்பாலும் கட்டாயம். வயது 70ஐத் தாண்டி, கட்டி சிறியதாகவும் ஹார்மோன் வகையாகவும் இருந்தால் சிலருக்கு அதைத் தவிர்க்க முடியும்.

இரண்டாவது, மார்பகம் முழுவதையும் எடுப்பது. மாஸ்டெக்டமி என்று பெயர். காம்பு உட்பட மார்பகத் திசு முழுவதையும் எடுப்பார்கள். அடியில் உள்ள நெஞ்சுத் தசை இப்போது எடுக்கப்படுவதில்லை. காயத்தில் ஊறும் நீர் வெளியேற ட்ரெயின் குழாய் ஒன்றோ இரண்டோ சில நாட்களுக்கு இருக்கும். இவர்களில் பலருக்குக் கதிர்வீச்சு தேவைப்படாது. ஆனால் கட்டி பெரிதாக இருந்தாலோ, அக்குள் நெறிகளில் நோய் இருந்தாலோ இதற்குப் பிறகும் கதிர்வீச்சு தேவைப்படலாம். 'முழுசா எடுத்தா கரண்ட் வைக்க வேண்டாம்' என்று முடிவு கட்டிவிடாமல், இதை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எந்த ஆபரேஷனாக இருந்தாலும் அக்குள் நெறிகளைச் சோதிப்பது தனியாக உண்டு. முன்பு நெறிகள் அனைத்தையும் எடுத்துவிடுவார்கள். அதனால் பலருக்குக் கை வீங்கி, வாழ்நாள் முழுக்கச் சிரமம் இருந்தது. இப்போது நீலச் சாயமோ கதிரியக்க மருந்தோ செலுத்தி, மார்பகத்திலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் ஓரிரு நெறிகளை மட்டும் எடுத்துப் பார்க்கிறார்கள். அவற்றில் நோய் இல்லையென்றால் மற்றவற்றைத் தொடுவதில்லை.

முழுவதும் எடுத்தால்தான் பாதுகாப்பா?

அந்தச் சகோதரியின் கணவரும் நாமும் நம்பியது இதைத்தான். ஒரு காலத்தில் மருத்துவ உலகமே இதை நம்பியது. 1894இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் தன் ஆபரேஷன் முறையைப் பற்றி எழுதினார். மார்பகம், நெஞ்சுத் தசை, அக்குள் நெறிகள் எல்லாவற்றையும் ஒன்றாக அறுத்தெடுக்கும் முறை அது. எவ்வளவு அதிகம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்ற கருத்து அதன்பின் முக்கால் நூற்றாண்டு நிலைத்திருந்தது.

அது சரிதானா என்று சோதித்துப் பார்த்தவர்கள் இருவர். இத்தாலியின் மிலான் நகரில் உம்பர்ட்டோ வெரோனேசி என்ற மருத்துவர் 1973 முதல் 1980 வரை, 2 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டியுள்ள 701 பெண்களைச் சேர்த்தார். ஒரு பாதிப் பேருக்கு ஹால்ஸ்டெட் முறையில் முழு அறுவை. மறு பாதிப் பேருக்குக் கட்டியுள்ள கால் பகுதியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு. அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் என்ற மருத்துவர் 1976இல் இதுபோன்ற ஆய்வைத் தொடங்கினார். அதில் 4 சென்டிமீட்டர் வரை கட்டியுள்ளவர்களும் இருந்தார்கள். 1,851 பெண்களின் விவரங்கள் தொடர்ந்து பார்க்கப்பட்டன.

இரு ஆய்வுகளின் 20 ஆண்டு முடிவுகளும் 2002இல் வெளியாயின. இரண்டிலும் விடை ஒன்றுதான். முழுவதும் எடுத்தவர்களும் மார்பகத்தைக் காத்துக்கொண்டவர்களும் உயிர் வாழ்ந்த அளவில் வித்தியாசம் இல்லை. அதற்கு முன்பே, 1990இல், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, முதல் இரண்டு நிலைகளில் உள்ள பெரும்பாலான பெண்களுக்கு மார்பகத்தைக் காக்கும் சிகிச்சையே விரும்பத்தக்கது என்று அறிவித்திருந்தது.

வித்தியாசம் வேறோர் இடத்தில் இருந்தது. அதே இடத்தில் நோய் திரும்பி வருவதில்தான் அது. மிலான் ஆய்வில் 20 ஆண்டுகளில், மார்பகத்தைக் காத்துக்கொண்டவர்களில் 100க்கு சுமார் 9 பேருக்கு அதே மார்பகத்தில் மீண்டும் கட்டி வந்தது. முழுவதும் எடுத்தவர்களில் 100க்கு சுமார் 2 பேருக்கு அந்த இடத்தில் நோய் திரும்பியது. திரும்பி வந்தால் மறுபடி ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும். இன்றைய மருந்துகளாலும் நவீனக் கதிர்வீச்சாலும் இந்த எண்ணிக்கை அன்றைவிடக் குறைந்திருக்கிறது.

கதிர்வீச்சு எவ்வளவு முக்கியம் என்பதும் ஃபிஷரின் ஆய்வில் தெரிந்தது. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சும் பெற்றவர்களில் 20 ஆண்டுகளில் 100க்கு சுமார் 14 பேருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. கதிர்வீச்சு பெறாதவர்களில் 100க்கு சுமார் 39 பேருக்குத் திரும்பியது. ஆகவே, கட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு கதிர்வீச்சுக்குப் போகாமல் விட்டுவிடுவது ஆபத்து. இரண்டும் சேர்ந்ததுதான் ஒரு சிகிச்சை.

முழுவதும் எடுத்தாலும் உயிர் காக்கும் அளவு ஏன் கூடவில்லை? மார்பில் இருக்கும் கட்டியால் மட்டும் உயிர் போவதில்லை. அதிலிருந்து கிளம்பிய செல்கள் எலும்பு, நுரையீரல், கல்லீரல் போன்ற இடங்களுக்குப் போய் வளர்வதுதான் ஆபத்து. அந்தச் செல்கள் ஆபரேஷனுக்கு முன்பே ரத்தத்தில் கலந்து போயிருக்கலாம். அவற்றை அழிப்பவை கீமோ, ஹார்மோன் மாத்திரை, ஹெர்2 வகைக்கான ஊசி போன்ற மருந்துகள். அந்த மருந்துகள் வேண்டுமா வேண்டாமா என்பதை நோயின் வகையும் நிலையும் தீர்மானிக்கின்றன. முழுவதையும் எடுத்துவிட்டால் கீமோவிலிருந்து தப்பிக்கலாம் என்பதும் சரியல்ல.

முழுவதும் எடுத்தே ஆக வேண்டிய நேரங்கள்

எல்லோருக்கும் இரண்டு வழிகளும் திறந்திருப்பதில்லை. ஒரே மார்பகத்தில் பல பகுதிகளில் நோய் பரவியிருந்தால், திரும்பத் திரும்ப எடுத்தும் ஓரங்களில் புற்றுநோய்ச் செல் இருந்தால், அந்த இடத்துக்கு முன்பே கதிர்வீச்சு கொடுக்கப்பட்டிருந்தால், பெரும்பாலும் முழுவதும் எடுக்கவே சொல்வார்கள். கர்ப்பமாக இருக்கும்போது கதிர்வீச்சு கொடுக்க முடியாது. ஆகவே கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் நோய் தெரிந்தால் கணக்கு வேறாகும். மார்பகத்தின் அளவோடு ஒப்பிடும்போது கட்டி பெரிதாக இருந்தால், முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு, பிறகு மார்பகத்தைக் காக்கும் ஆபரேஷன் செய்ய முடியுமா என்று கேட்கலாம்.

தாய், சகோதரி, மகள் என்று குடும்பத்தில் பலருக்கு இந்த நோய் இருந்தாலோ, இளம் வயதிலேயே வந்திருந்தாலோ மரபணுச் சோதனை செய்யச் சொல்வார்கள். பிஆர்சிஏ என்ற மரபணுவில் கோளாறு இருந்தால் முழுவதையும் எடுப்பதில் கூடுதல் நியாயம் உண்டு. அப்படி எதுவும் இல்லாதவர்கள், பயத்தில் நோயில்லாத மற்ற மார்பகத்தையும் எடுத்துவிடச் சொல்வதுண்டு. அதனால் ஆயுள் கூடுவதாக நிரூபணம் ஆகவில்லை.

எதை வைத்து முடிவு செய்வது?

இரண்டு வழியும் முடியும், உயிர் காப்பதில் இரண்டும் சமம் என்று டாக்டர் சொல்லிவிட்டால், அதன்பின் முடிவு அந்தப் பெண்ணின் வாழ்க்கையைப் பொறுத்தது.

முதலில் கதிர்வீச்சு. வாரத்தில் 5 நாட்கள் போக வேண்டும். முன்பு 5 வாரங்கள் ஆகும். இப்போது பல இடங்களில் 3 வாரங்களில் முடிக்கிறார்கள். சிலருக்கு ஒரே வாரத்தில் முடிக்கும் முறையும் வந்துவிட்டது. ஒருநாள் சிகிச்சை சில நிமிடங்கள்தான், ஆனால் ஊர் தூரமாக இருந்தால் தங்கும் இடம் வேண்டும், துணைக்கு ஆள் வேண்டும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கடலோர ஊர் ஒன்றைச் சேர்ந்த ஒரு சகோதரி, படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரை விட்டுவிட்டு வாரக்கணக்கில் வெளியூரில் தங்க முடியாது என்பதால், தானே யோசித்து முழு அறுவையைத் தேர்ந்தெடுத்தார். அவருடைய டாக்டரும் அதை ஏற்றுக்கொண்டார். அதுவும் நல்ல முடிவுதான். தெரிந்து எடுத்த முடிவு.

அடுத்து மனம். மார்பகம் இருந்தால் ஒவ்வோர் ஆண்டும் மேமோகிராம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் 'திரும்பி வந்திருக்குமோ' என்ற பயம் சிலருக்கு வரும். அந்தப் பயத்தைத் தாங்க முடியாது என்று நினைப்பவர் முழுவதும் எடுப்பதைத் தேர்ந்தெடுக்கலாம். வேறு சிலருக்கு உறுப்பை இழப்பதுதான் தாங்க முடியாத துயரம். "வயசாயிருச்சு, இனி அது எதுக்கு?" என்று உறவினர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். 55 வயதுப் பெண்ணுக்கும் தன் உடல் தன் உடல்தான்.

மூன்றாவது செலவு. தமிழக அரசின் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. புற்றுநோய் ஆபரேஷன், கீமோ, கதிர்வீச்சு ஆகியவை இதில் வரும். வருமானச் சான்றையும் ரேஷன் அட்டையையும் முதலிலேயே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும், காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையிலுள்ள அரசு அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனையிலும், மதுரை, கோவை, தஞ்சாவூர் போன்ற ஊர்களின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் கதிர்வீச்சு சிகிச்சை உண்டு. பணம் ஒன்றுக்காக ஒரு பெண் உறுப்பை இழக்கும் நிலை வந்தால், ஜமாஅத்தும் பைத்துல்மாலும் முன்வர வேண்டிய இடம் அது.

மார்க்கம் தொடர்பாக நம்மிடம் கேட்கப்படுபவை

*முடிவு யாருடையது?* புத்தி தெளிவுள்ள வயதுவந்த பெண்ணின் உடலைப் பற்றிய சிகிச்சை முடிவு அவருடையது. கணவரும் பெற்றோரும் பிள்ளைகளும் ஆலோசனை சொல்லலாம். ஆலோசனை செய்து நடப்பது நம் மார்க்கம் காட்டிய வழி. அந்த ஆலோசனையில் நோயாளியே இல்லாமல் போவது எப்படி ஆலோசனையாகும்? நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. மயக்கத்தில் இருந்த மகளுக்காகத் தாய் கொடுத்த சம்மதத்தை வைத்து, மகள் ஒப்புக்கொள்ளாத பெரிய ஆபரேஷனைச் செய்துவிட்ட ஒரு வழக்கில், வயதுவந்த நோயாளியின் சம்மதத்துக்குப் பதிலாக உறவினரின் சம்மதம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. உயிரைக் காக்க உடனே செய்தாக வேண்டிய நிலை மட்டுமே விதிவிலக்கு.

*ஆண் டாக்டரிடம் காட்டலாமா?* தகுதியான பெண் டாக்டர் கிடைத்தால் அவரிடம் போவதே முறை. கிடைக்காதபோது, தேவையான அளவுக்கு ஆண் டாக்டரிடம் காட்டுவதை மார்க்க அறிஞர்கள் அனுமதித்திருக்கிறார்கள். நபி (ஸல்) அவர்களுடன் போர்க்களங்களுக்குச் சென்ற ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) போன்ற ஸஹாபிப் பெண்கள் காயம்பட்ட ஆண்களுக்குச் சிகிச்சை செய்ததை இதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். உடன் கணவரோ ஒரு பெண்ணோ இருக்கட்டும். பெண் டாக்டர் வேண்டும் என்று காத்திருந்து மாதங்களைக் கழிப்பது சரியல்ல.

*எடுத்த மார்பகத்தைத் திரும்ப அமைத்துக்கொள்ளலாமா?* உடலின் வேறு பகுதியிலிருந்து சதை எடுத்தோ, சிலிக்கான் வைத்தோ மார்பகத்தை மீண்டும் உருவாக்கும் ஆபரேஷன் உண்டு. அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவது ஆகுமோ என்று சிலர் தயங்குகிறார்கள். அழகுக்காக மாற்றுவது வேறு, நோயால் இழந்ததை ஈடுசெய்வது வேறு. குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியில் மூக்கு செய்து வைத்தபோது அது நாற்றமடித்தது. தங்கத்தில் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. 2007இல் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும், நோயாலும் விபத்தாலும் ஏற்பட்ட குறையைச் சீராக்கும் ஆபரேஷனை ஆகுமானது என்று முடிவு செய்தது. ஆபரேஷன் வேண்டாம் என்பவர்கள் உள்ளாடைக்குள் வைக்கும் செயற்கை மார்பகத்தைப் பயன்படுத்தலாம்.

*ஒளுவும் தொழுகையும்?* ட்ரெயின் குழாயில் ரத்தநீர் வந்துகொண்டிருக்கும்போது, ஹனஃபி மத்ஹபின்படி தங்கடம் உள்ளவர் என்ற சட்டம் பொருந்தும். ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் ஒளு செய்து தொழலாம். ஷாஃபிஈ மத்ஹபில் இவ்வாறு வரும் ரத்தத்தால் ஒளு முறியாது. கடமையான குளிப்பின்போது கட்டுப் போட்ட இடத்தை நனைக்காமல் ஈரக் கையால் தடவினால் போதும். ஷாஃபிஈ மத்ஹபில் அத்துடன் தயம்மும் செய்ய வேண்டும். கையைத் தூக்க முடியாதவர் முடிந்த அளவு தூக்கினால் போதும். கதிர்வீச்சுக்காகத் தோலில் போடும் மை அடையாளத்தை அழிக்கக் கூடாது என்று சொல்வார்கள். படலமாகப் படியாத வெறும் நிறம் தண்ணீரைத் தடுக்காது. சிலருக்கு ஊசியால் சிறு புள்ளி குத்துவார்கள். அது சிகிச்சைத் தேவைக்கானது, அலங்காரப் பச்சை அல்ல.

*இத்தாவில் இருக்கும்போது நோய் தெரிந்தால்?* சிகிச்சைக்காக வெளியே போகலாம். இத்தா முடியட்டும் என்று 4 மாதம் 10 நாட்கள் காத்திருந்து நோயை வளரவிட வேண்டாம்.

*ஓதிப் பார்ப்பதும் கருஞ்சீரகமும் போதாதா?* துஆவும் ருக்யாவும் நம் பலம். சிகிச்சையோடு சேர்த்துச் செய்ய வேண்டும், சிகிச்சைக்குப் பதிலாக அல்ல. மருந்து தேடுமாறு வழிகாட்டியவர்கள் நபி (ஸல்) அவர்கள். 'முதலில் மூன்று மாதம் நாட்டு மருந்து பார்க்கலாம்' என்று போய், ஆரம்ப நிலையைத் தாண்டித் திரும்பி வந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். மற்ற மருந்து எதைச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

நோயாளியும் உடன் இருக்கும்போது, தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள்:

1. நோய் எந்த நிலை? எந்த வகை?
2. கட்டியை மட்டும் எடுப்பது எனக்கு முடியுமா? முடியாது என்றால் காரணம் என்ன?
3. முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்க முடியுமா?
4. அக்குளில் முதல் நெறிகளை மட்டும் எடுத்துச் சோதிக்கும் வசதி இங்கே உண்டா?
5. கதிர்வீச்சு எத்தனை நாட்கள், எங்கே? முழுவதும் எடுத்தாலும் எனக்கு அது தேவைப்படுமா?
6. இரண்டாவது ஆபரேஷன் தேவைப்பட எவ்வளவு வாய்ப்பு?
7. மரபணுச் சோதனை எனக்கு வேண்டுமா?
8. முழுவதும் எடுத்தால், மார்பகத்தைத் திரும்ப அமைப்பதை எப்போது செய்யலாம்?
9. முடிவு சொல்ல எனக்கு எத்தனை நாட்கள் தருவீர்கள்?

கடைசிக் கேள்வி முக்கியமானது. புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதும் மறுநாளே ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்ற பதற்றம் வருகிறது. ஆரம்ப நிலையில், யோசிக்கவும் இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்கவும் இரண்டு வாரம் எடுத்துக்கொள்வதால் பொதுவாகக் கெடுதல் இல்லை. மாதக்கணக்கில் தள்ளக் கூடாது, அவ்வளவுதான். இன்னொரு டாக்டரிடம் கேட்பதை எந்த நல்ல டாக்டரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். இந்த நாட்களில் இஸ்திகாரா தொழுகையும் தொழலாம். விவரம் கேட்டுத் தெரிந்துகொண்ட பின் தொழுவது நல்லது.

குடும்பத்தாருக்கு

நோயை நோயாளியிடமிருந்து மறைக்காதீர்கள். பயந்துவிடுவாள் என்று நினைத்து மறைக்கிறோம். வீட்டில் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசுவதைப் பார்த்து அவர் இன்னும் அதிகமாகப் பயப்படுகிறார். கணவர்மார்களிடம் குறிப்பாகச் சொல்கிறோம். எந்த ஆபரேஷனாக இருந்தாலும், அதன்பின் உங்கள் பார்வையில் ஒரு சுளிப்பு தெரிந்தாலும் அவர் உடைந்துபோவார். "உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய். நான் கூட இருக்கேன்" என்று முதல் நாளே சொல்லுங்கள்.

சென்ற ஆண்டு இன்னொரு குடும்பம் இதே கேள்வியுடன் நம்மிடம் வந்தது. தந்தையும் இரண்டு மகன்களும் வந்திருந்தார்கள். இம்முறை நாம் பதில் சொல்லவில்லை. "உங்க அம்மா என்ன சொல்றாங்க?" என்று கேட்டோம். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அம்மாகிட்ட இன்னும் கேக்கல ஹஜ்ரத்" என்றார் மூத்த மகன். மேலே எழுதிய கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அம்மாவையும் டாக்டரிடம் அழைத்துப் போகச் சொன்னோம். அந்தத் தாய் எந்த ஆபரேஷனைத் தேர்ந்தெடுத்தார் என்பதை நாம் எழுதப் போவதில்லை. அது அவருடைய விஷயம். அவரே கேட்டு, அவரே முடிவு செய்தார் என்பது மட்டும் நமக்குத் தெரியும்.

நோயுற்றிருக்கும் நம் தாய்மார்களுக்கும் சகோதரிகளுக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. அவர்களுக்குத் துணை நிற்கும் மனதையும் தெளிவையும் நமக்குத் தருவானாக. ஆமீன்.